பணம் இங்கிட்டு, பத்திரம் அங்கிட்டு: மார்ட்கேஜர் யார், மார்ட்கேஜீ யார்?

மதுரை செல்லூர்ப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், சில வருடங்களுக்கு முன்பு ஒரு சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு என் ஆபீசுக்கு வந்தார். (ஊரையும் தொழிலையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். வக்கீலிடம் வந்தவர் கதை வக்கீலோடு இருக்க வேண்டும்.) கடைக்கு மேல் மாடி எடுத்துக் கட்ட, தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் 12 லட்சம் கடன் கேட்டிருந்தார். அதற்குச் சொந்த வீட்டை அடமானம் வைக்க வேண்டும். மறுநாள் காலை கையெழுத்து. கையில் 28 பக்க இங்கிலீஷ் டிராப்ட்.

"ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க தாயி. புள்ள ஏற்கெனவே படிச்சுச் சொல்லிருச்சு. நல்ல பேங்க்காத்தான் தெரியுது. வீட்டு இன்சூரன்ஸ்கூட அவங்களே கட்டிருவாங்களாம்."

எனக்குச் சுருக்கென்றது. கடன் கொடுப்பவர் தன் காசில் உங்கள் வீட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டுவதை இத்தனை வருடத் தொழிலில் நான் பார்த்ததில்லை. டிராப்டைப் புரட்டினேன். அந்தப் பெண் பி.காம். கடைசி வருடம். ஒவ்வொரு பக்கத்தையும் உண்மையிலேயே படித்திருக்கிறாள். ஓரத்தில் பென்சிலால் அழகான கையெழுத்தில் குறிப்புகள். முதல் பக்கத்திலேயே, 'மார்ட்கேஜர் = கம்பெனி, மார்ட்கேஜீ = அப்பா' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள். அதன்பின் 28 பக்கமும் அந்த ஒரு வரியை வைத்துத்தான் நகர்ந்திருக்கிறது. 'சொத்துக்கு மார்ட்கேஜர் தன் செலவில் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும்' என்ற இடத்தில் 'கம்பெனி கட்டும்'. 'முத்திரைத்தாள், பதிவுச் செலவு மார்ட்கேஜரைச் சேர்ந்தது' என்ற இடத்தில் மறுபடியும் 'கம்பெனி'. 'தவணை தவறினால் சொத்தை விற்கும் உரிமை மார்ட்கேஜீக்கு உண்டு' என்ற இடத்தில் 'அப்பா விற்கலாம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்த ஒரு கேள்விக்குறியைப் பார்த்ததும் அவள் மேல் எனக்கு மரியாதை வந்தது. ஏதோ இடிக்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"எப்படிம்மா இப்படிப் பிரிச்ச?" என்று கேட்டேன்.

"எம்ப்ளாயர்னா வேலை குடுக்கிறவர், எம்ப்ளாயீன்னா அந்த வேலையை வாங்கிக்கிறவர். அது மாதிரி கடன் குடுக்கிற கம்பெனி மார்ட்கேஜர், வாங்குற அப்பா மார்ட்கேஜீ. சரிதானே மேடம்?"

யோசித்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சொல்லில்தான் சறுக்கல். மார்ட்கேஜ் என்றால் கடன் என்று எடுத்துக்கொண்டாள். நாம் எல்லோருமே 'மார்ட்கேஜ் லோன்' என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம், அதனால் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. லோன் கடன், மார்ட்கேஜ் அடமானம். கடனைக் கொடுத்தது கம்பெனி. அடமானத்தைக் கொடுத்தது அண்ணாச்சி.

மேசையில் இருந்த கால்குலேட்டரை அண்ணாச்சி பக்கம் தள்ளினேன். "இது 12 லட்சம். பணம் உங்ககிட்ட வந்துருச்சு." அவர் கொண்டுவந்திருந்த வீட்டுக் கிரயப் பத்திரத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "இது எங்கிட்டு வந்துச்சு?"

"உங்ககிட்ட."

"அப்ப நான்தான் கம்பெனி. இப்ப நாம எழுதப் போற காகிதம் எதைப் பத்தி? கால்குலேட்டரைப் பத்தியா, பத்திரத்தைப் பத்தியா?"

அந்தப் பெண் ரப்பரைத் தேட ஆரம்பித்தாள்.

பணம் இங்கிட்டு வருகிறது, பத்திரம் அங்கிட்டுப் போகிறது. ஒரே நாளில், ஒரே மேசையில், இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன. அதில் எந்த நகர்வைப் பற்றி அந்தச் சொல் பேசுகிறது என்று பார்த்தால் போதும். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 58ஆவது பிரிவில் இதைத்தான் சொல்கிறது: கடனுக்கு ஈடாகக் குறிப்பிட்ட ஓர் அசையாச் சொத்தில் தனக்குள்ள உரிமையில் ஒரு பங்கை மாற்றிக் கொடுப்பது அடமானம். மாற்றிக் கொடுப்பவர் மார்ட்கேஜர், மாற்றிப் பெறுபவர் மார்ட்கேஜீ. பணம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பது அந்தப் பெயர்களில் இல்லவே இல்லை.

எம்ப்ளாயர் உதாரணம் இன்னொரு வகையிலும் ஆளைக் கவிழ்க்கும். எம்ப்ளாயர், டிரெய்னர், எக்சாமினர் என்று நாம் பள்ளியில் பார்த்த சொற்களில் எல்லாம் 'அர்' வாலுக்காரர் பெரியவர், 'ஈ' வாலுக்காரர் கைகட்டி நிற்பவர். அதனால் 'அர்' என்றால் முதலாளி, 'ஈ' என்றால் நாம் என்று மனசு தானாக முடிவு கட்டிவிடுகிறது. அடமானப் பத்திரத்தில் ஆள் அம்பு உள்ளவர் 'ஈ'யாக உட்கார்ந்திருக்கிறார்.

இந்த 'ஈ' வால் இங்கிலீஷுக்குச் சொந்தமானதும் இல்லை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அங்கே கோர்ட்டும் சட்டமும் பல தலைமுறை பிரெஞ்சில் ஓடின. 'செய்யப்பட்ட' என்ற பொருள் தரும் ஒரு பிரெஞ்சு விகுதிதான் வக்கீல்கள் வாயில் புழங்கி 'ஈ' என்று நின்றுவிட்டது. மார்ட்கேஜ் என்பதே பிரெஞ்சுதான்: மார்ட் என்றால் செத்த, கேஜ் என்றால் அடகு. செத்த அடகு! எழுத்தில் இருக்கும் 'ட்' உச்சரிப்பில் வராது, அதுவும் செத்ததுதான். ஆண்டவர்களின் பாஷை கோர்ட்டில் மட்டும் மிச்சமிருப்பது நமக்கொன்றும் புதிதில்லை. வக்கீல், வாரிசு, ஜாமீன், ஜப்தி, ரசீது எல்லாம் அரபியிலும் பாரசீகத்திலும் இருந்து வந்து நம் கோர்ட்டில் குடியேறியவைதானே.

இலக்கணமாகப் பார்த்தால் இதில் ரசமான விஷயம் ஒன்று உண்டு. இங்கிலீஷ் ஒரே வினையை வைத்துக்கொண்டு வாலை மட்டும் மாற்றுகிறது: மார்ட்கேஜர், மார்ட்கேஜீ. தமிழ் வாலை அப்படியே வைத்துக்கொண்டு வினையை மாற்றுகிறது: எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர். இரண்டிலும் 'பவர்'தான். திசையைச் சொல்வது கொடுப்பதும் வாங்குவதும். அதனால்தான் எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாவுக்குக்கூடத் தமிழ்ப் பத்திரத்தில் தான் எந்தப் பக்கம் என்று படித்துக் காட்டியதும் விளங்கிவிடுகிறது. இங்கிலீஷில் அந்த வித்தியாசம் கடைசி இரண்டு எழுத்தில் தொங்குகிறது. கண்ணாடி போடாமல் படித்தால் அதுவும் போச்சு.

தமிழிலும் குழப்பம் இல்லாமல் இல்லை. 'கடன்காரர்' என்ற சொல்லை எடுங்கள். "கடன்காரன் வாசல்ல வந்து நிக்கிறான்" என்றால் கொடுத்தவன். "அவன் ஊரெல்லாம் கடன்காரன்" என்றால் வாங்கியவன். 'காரர்' என்ற வாலுக்குத் திசை கிடையாது. (வீட்டுக்காரர் என்றால் வாடகை வாங்குபவரா, புருஷனா என்பதே இடத்தைப் பொறுத்துத்தான்.) கூட்டுறவுச் சங்க நோட்டீஸ்களில் 'கடன்தாரர்' என்று போடுவார்கள். அது வாங்கியவரை மட்டும்தான் குறிக்கும், தகராறு இல்லை.

அண்ணாச்சி மகளுக்கு அன்றைக்கு நான் சொல்லிக் கொடுத்த குறுக்கு வழி நம் தமிழய்யாக்கள் புண்ணியத்தில் கிடைத்தது. ஈ, தா, கொடு என்று மூன்று சொல் படித்திருப்போம். தாழ்ந்தவர் கேட்டால் 'ஈ', சமமானவர் கேட்டால் 'தா', உயர்ந்தவர் கேட்டால் 'கொடு'. மூன்றுமே கை நீட்டிக் கேட்பவர் வாயில் வரும் சொற்கள். ஆகவே பத்திரத்தில் 'ஈ' என்று முடிகிறவரை, 'ஈ' என்று கேட்டுக் கை நீட்டி நிற்பவராக நினைத்துக்கொள்ளுங்கள். என்ன கேட்கிறார்? அந்தச் சொல்லின் முன்பாதியில் இருப்பதைக் கேட்கிறார். மார்ட்கேஜீ: "அடமானம் ஈ." டோனீ: "தானம் ஈ." லெஸ்ஸீ: "குத்தகைக்கு ஈ." நிதி நிறுவனம் தாழ்ந்து நின்று அண்ணாச்சியிடம் கேட்பதாக நினைத்துப் பார்த்ததில் அவருக்கு ஒரே சிரிப்பு. இங்கிலீஷ் 'ஈ'க்கும் தமிழ் 'ஈ'க்கும் எந்த உறவும் இல்லை. நினைவில் நிற்க உதவுகிறது, அவ்வளவுதான்.

சரி, லெஸ்ஸீ என்று வந்துவிட்டதால் அதையும் பார்த்துவிடலாம். லீஸ் விடுபவர் லெஸ்ஸார், எடுப்பவர் லெஸ்ஸீ. இங்கே பணமும் சொத்தும் எதிரெதிராகத்தான் போகின்றன, ஆனால் யாரும் பெரிதாகக் குழம்புவதில்லை. தவறு நடப்பது டைப்பிங்கில். அண்ணா நகரில் கடை ஒன்றுக்கு எழுதிய ஒப்பந்தம் தகராறாகி என்னிடம் வந்தது. யாரோ எப்போதோ எழுதிய பழைய பைலைத் திறந்து, பேர்களை மட்டும் மாற்றி அடித்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் கடைக்குச் சொந்தக்காரர் லெஸ்ஸார், சரி. மூன்றாம் பக்கத்தில், 'லெஸ்ஸார் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் லெஸ்ஸீக்கு வாடகை செலுத்த வேண்டும்.' ஐந்தாம் பக்கத்தில், 'காலி செய்யும்போது லெஸ்ஸீ அட்வான்சைத் திருப்பித் தர வேண்டும்.' அந்தக் காகிதத்தின்படி, கடை வைத்திருந்தவர் வாடகையும் வாங்கிக்கொண்டு அட்வான்சையும் திருப்பித் தர வேண்டியவர்! அது பதிவான பத்திரம் வேறு. ஓராண்டுக்கு மேற்பட்ட லீசுக்குப் பதிவு கட்டாயம், பதிவான லீஸ் பத்திரத்தில் இருவருமே கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேரும் போட்டிருந்தார்கள், இரண்டு பேரும் படிக்கவில்லை. கடைசியில் இருவரையும் உட்காரவைத்துப் பேசி, பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிப் பதிவு செய்து முடித்தோம். ஒருவர் முறுக்கிக்கொண்டிருந்தால் அதற்கும் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருந்திருக்கும்.

வாடகை பற்றிய தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருப்பது, லாண்ட்லார்ட், டெனண்ட் என்றே பேசுகிறது. ஒட்டிப் பிறந்த இரட்டைச் சொற்களை விட இந்த மாதிரித் தனித்தனி முகம் உள்ள சொற்கள் எவ்வளவோ மேல். உங்கள் ஒப்பந்தத்தை எழுதுபவரிடம் 'உரிமையாளர், வாடகைதாரர் என்றே போடுங்கள்' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. லெஸ்ஸார் என்று போட்டால்தான் செல்லும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மதுரைக்காரர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டியது ஒத்தி. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் குடியிருப்பது. காலி செய்யும்போது கொடுத்த தொகை அப்படியே திரும்பி வரும். சென்னையில் இதையே 'லீசுக்கு வீடு' என்கிறார்கள். நம் ஊரில் 'ஒத்திக்கு விடப்படும்' என்று கரண்ட் கம்பத்தில் ஒட்டியிருக்கும். வில்லாபுரத்திலும் பழங்காநத்தத்திலும் சின்னச் சின்னக் குடும்பங்கள் நகையை விற்றும் சீட்டை எடுத்தும் ஐந்து லட்சம், ஏழு லட்சம் என்று இதில் போடுகிறார்கள்.

இப்போது சொல்லுங்கள், ஒத்திக்குக் குடிபோகிறவர் யார்? பணம் கொடுத்திருக்கிறார், அதற்கு ஈடாக வீட்டை அனுபவிக்கிறார், பணம் திரும்பி வரும்வரை வீடு அவர் கையில். சட்டத்தின் கணக்கில் இது சுவாதீன அடமானம். குடியிருப்பவர் மார்ட்கேஜீ, அதாவது நிதி நிறுவனம் உட்காரும் அதே நாற்காலி. வீட்டுக்காரர் மார்ட்கேஜர், அதாவது கடன் வாங்கியவர். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? ஒரு முத்திரைத்தாளில் 'லீஸ் அக்ரிமெண்ட்' என்று தலைப்புப் போட்டு, குடியிருப்பவரை லெஸ்ஸீ என்று எழுதி, பதிவு செய்யாமல் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே 'ஈ'தானே என்று தோன்றும். லெஸ்ஸீயின் கையில் இருப்பது குடியிருக்கும் உரிமை. மார்ட்கேஜீயின் கையில் இருப்பது கொடுத்த பணத்துக்குச் சொத்தின் மீதான பிடிப்பு. லட்சக்கணக்கில் பணத்தைக் கொடுத்துவிட்டுக் குடியிருக்கும் உரிமையை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு போகிறார்கள். 100 ரூபாயோ அதற்கு மேலோ கொடுத்து எழுதும் இப்படிப்பட்ட அடமானத்துக்கு, அடமானம் வைப்பவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் பதிவும் வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 59ஆவது பிரிவு. 1882இல் 100 ரூபாய் பெரிய காசு. இன்றைக்கு எந்த ஒத்தியும் இந்த விதிக்குள் வந்துவிடும்.

என்னிடம் வந்த ஒரு தையல்கார அக்கா ஆறு லட்சம் ஒத்திக்குக் கொடுத்து வீட்டில் ஏறியிருந்தார். எட்டாவது மாதம் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டிருந்தது. வீட்டுக்காரர் அந்த வீட்டை ஏற்கெனவே ஓரிடத்தில் அடமானம் வைத்திருக்கிறார், தவணை கட்டவில்லை. நோட்டீசில் மார்ட்கேஜர் என்று வீட்டுக்காரர் பெயர், மார்ட்கேஜீ என்று கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர். அக்கா பெயர் எங்குமே இல்லை. "நான் குடுத்த காசும் இந்த வீட்டு மேலதான வக்கீலம்மா இருக்கு?" என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் வரிசையில் இரண்டாவதாக, அதுவும் பதிவில்லாத காகிதத்தில். ஒரே சொத்தில் ஒருவர் இரண்டு பேருக்கு அடுத்தடுத்து உரிமை எழுதிக் கொடுத்தால் முந்தியவருக்கே முன்னுரிமை என்பது 48ஆவது பிரிவு. இரண்டு வருடம் அலைந்து, வீட்டுக்காரரின் உறவினர்கள் மத்தியில் பேசி, கொடுத்ததில் பாதிக்குச் சற்று மேல் வாங்கிக் கொடுக்க முடிந்தது. அதை வெற்றி என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஒத்திப் பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். 'எழுதிக் கொடுத்தவர்' பத்தியில் வீட்டுக்காரர் பெயரும் 'எழுதி வாங்கியவர்' பத்தியில் ஒரு பேங்க் பெயரும் சேர்ந்து வந்தால், அங்கே ஏற்கெனவே ஒரு மார்ட்கேஜீ உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். கீழே அந்தக் கடன் தீர்ந்ததற்கான ரசீது பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம் வீட்டின் அசல் பத்திரத்தைக் கேட்டுக் கண்ணால் பாருங்கள். "ஜெராக்ஸ்தான் கையில இருக்கு, ஒரிஜினல் ஊர்ல அண்ணன் வீட்ல இருக்கு" என்றால் அண்ணன் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரிப்பது நல்லது. பல அண்ணன்கள் பேங்க் லாக்கரில்தான் குடியிருக்கிறார்கள்.

இந்த இரட்டைகளைப் போலவே தோன்றி ஆண்டுதோறும் ஆட்களை மாட்டிவிடுவது கேரண்டார், அதாவது கடனுக்கு ஜாமீன் நிற்பவர். வால் பிரிக்கப் பழகியவுடன் சிலர், 'கேரண்டார் கொடுப்பவர், கேரண்டீ வாங்குபவர்' என்று கணக்குப் போடுகிறார்கள். பொதுவழக்கில் கேரண்டீ என்பது ஆளே இல்லை, அந்த உறுதிமொழிதான் கேரண்டீ. பெயராகவும் வரும், வினையாகவும் வரும். மற்ற 'ஈ'களோடு அதைச் சேர்க்க வேண்டாம். கேரண்டார் மட்டும் ஆள், அந்த ஆள் பெரும்பாலும் மச்சினனோ கூட வேலை பார்ப்பவரோ. "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்துண்ணே" என்று சொல்லித்தான் வாங்குவார்கள். சாட்சிக்கு இங்கிலீஷில் விட்னஸ் என்று வேறு சொல் இருக்கிறது, அவர் கடனைக் கட்ட வேண்டியதில்லை. கேரண்டார் கட்ட வேண்டும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 128ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலன்றி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் நின்றவருக்கும் உண்டு. வாங்கியவரிடம் கேட்டு முடித்துவிட்டுத்தான் இவரிடம் வர வேண்டும் என்ற வரிசையும் கிடையாது. திருமங்கலத்தில் ரிட்டயர்டான ஆசிரியர் ஒருவர், தம்பி மாதிரி நினைத்த ஒருவருக்குப் போட்ட ஒரு கையெழுத்துக்காக மூன்று வருடம் மாதாமாதம் கட்டினார். தம்பி ஊரில்தான் இருந்தார், புது பைக்கில்.

நகைக் கடன் சீட்டிலும் இதே திசைதான். நகையை வைக்கும் நீங்கள் பானர், வாங்கி வைப்பவர் பானீ. செக்கில் மூன்று பேர் உண்டு: எழுதிக் கையெழுத்துப் போடுபவர் டிராயர், யார் பேருக்கோ அவர் பேயீ, 'இவருக்குக் கொடு' என்ற உத்தரவு யாருக்குப் போகிறதோ அந்த பேங்க் டிராயீ. 'ஈ' இரண்டு, ஏனென்றால் வினை இரண்டு.

நாமினீ பற்றியும் கேட்பீர்கள். நியமிக்கப்பட்டவர், அவ்வளவுதான். பெயரிலேயே 'பெறுபவர்' வால் இருப்பதால் பணம் அவருக்கே சொந்தம் என்று நினைத்து அண்ணன் தம்பிகள் அடித்துக்கொள்கிறார்கள். இன்சூரன்ஸ் நாமினீ பணத்தைக் கையில் வாங்கும் ஆள்தான், அதில் வாரிசுகளின் பங்கு போகாது என்று உச்ச நீதிமன்றம் 1984இலேயே சொன்னது. 2015இல் வந்த திருத்தம் பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் நாமினீயாக இருந்தால் நிலைமையை மாற்றியது. இது தனியாக எழுத வேண்டிய விஷயம், இங்கே திறந்தால் மூட முடியாது.

எல்லா 'ஈ'யும் இந்தக் கணக்குக்குள் வராது. அட்டெண்டீ கூட்டத்துக்குத் தானே வந்தவர். ஆப்செண்டீ தானே வராமல் போனவர். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஸ்டாண்டீ தானே நிற்பவர், யாரும் அவரை நிற்கவைக்கவில்லை (ஆரப்பாளையத்தில் ஏறினால் இதை ஒப்புக்கொள்வது கஷ்டம்). இவை பின்னால் பிறந்த சொற்கள். பத்திரத்தில் வரும் பழைய ஜோடிகள் மட்டும் பெரும்பாலும் சொல் தவறுவதில்லை.

மறுபடி அண்ணாச்சியிடம் வருகிறேன். அன்று உண்மை தெரிந்ததும் அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப விக்கிற உரிமை அவங்களுக்கு, செலவெல்லாம் நமக்கா?" அதில் பொய்யில்லை. ஆனால் மார்ட்கேஜர் என்ற சொல்லில் அவருக்குச் சாதகமான செய்தியும் ஒன்று இருந்தது. ஒரு பொருளைக் கொடுக்க வேண்டுமென்றால் அது நம்முடையதாக இருக்க வேண்டும். அடமானத்தில் அவர் கொடுப்பது உரிமையில் ஒரு பங்கை மட்டும், வீடு அவர் பேரிலேயே இருக்கிறது. கடனைக் கட்டி முடித்தால் பத்திரங்களைத் திருப்பிக் கேட்கவும், அடமானம் தீர்ந்தது என்று எழுதி வாங்கவும் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 60ஆவது பிரிவு மார்ட்கேஜருக்கு உரிமை தருகிறது. 'ஒருமுறை அடமானம் என்றால் எப்போதும் அடமானம்தான்' என்று கோர்ட்டில் பழைய சொலவடை ஒன்று உண்டு. அடமானத்தை நைசாகக் கிரயமாக மாற்றும் ஷரத்து எதையும் அதில் நுழைக்க முடியாது என்று பொருள். இதைச் சொல்லிவிட்டு, டிராப்டில் இரண்டு ஷரத்துகளை மாற்றித் தரும்படி கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டோம். ஒன்றை மாற்றினார்கள், ஒன்றை மாற்ற முடியாது என்றார்கள். அண்ணாச்சி இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்சூரன்சையும் அவரே கட்டினார்.

போன வருடம் கடன் முடிந்தது. 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி உத்தரவின்படி, கடன் முழுவதும் அடைந்த 30 நாளைக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிவான வில்லங்கத்தையும் நீக்கித் தர வேண்டும். அவர்கள் பக்கத்துத் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும். இருபத்தைந்தாவது நாள் வரை போன் எடுக்காத நிறுவனம், இந்த உத்தரவைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் போனதும் மறுநாளே கூப்பிட்டது.

ரசீது பதிவுக்குச் சார் பதிவாளர் ஆபீசில் உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சியின் மகள் இப்போது பைபாஸ் ரோட்டில் ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறாள், அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். ரசீதைப் படித்த அண்ணாச்சிக்குத் திடீரென்று சந்தேகம். "எழுதிக் கொடுப்பவர்னு கம்பெனி பேரைப் போட்டிருக்கே தாயி. அப்ப இத்தனை நாளா வீடு அவங்க பேர்லயா இருந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "அடமானத்த நீங்க எழுதிக் குடுத்தீங்கப்பா. இன்னைக்கு எழுதுறது ரசீது. 'கடன் தீந்துச்சு'ன்னு அவங்க எழுதிக் குடுக்கிறாங்க. இந்தத் தடவை கை நீட்டுறது நீங்க."

"அப்ப இன்னைக்கு நான்தான் ஈயா?"

டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். கம்பெனி ஆள் முதலில் போய்க் கைரேகை வைத்தார். அந்த இடைவெளியில் அவள் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, தன் கையில் இருந்த நகலின் ஓரத்தில் எழுதினாள்: 'எழுதி வாங்குபவர் = அப்பா'. எழுதியதை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினேன்.